படகைச் சுற்றி ஒரு கோயில்

"டீச்சர், நோவா தன் பேழையை வீட்டுக்குள்ளயே கட்டியிருந்தா, அப்புறம் எப்படி வெளியே எடுத்திருப்பாரு?"

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி ஞாயிறு பள்ளியில் ஒருநாள் இப்படிக் கேட்டாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பாடம் நடத்திக்கொண்டிருந்த தையலம்மாவும் சிரித்தாள்.

"நோவாவுக்கு அறிவு இருந்துச்சு கண்ணு. அதான் வெட்டவெளியில கட்டினாரு."

"அறிவில்லாதவங்க கட்டியிருந்தா?"

"அறிவில்லாதவங்களை ஆண்டவர் அந்த மாதிரி வேலைக்குக் கூப்பிடவே மாட்டாரு."

சொல்லக்கூடாத வார்த்தை. மேலே இருப்பவருக்குக் காது கூர்மை. நகைச்சுவை உணர்வும் உண்டு.

தையலம்மா தெரு முனையில் தையல் கடை வைத்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும். ஆலயத்துக்குக்கூட அதோடுதான் வருவாள். அவள் கணவர் தச்சர். அவளுடைய அண்ணன் கொத்தனார். ஊரில் ஒரு கட்டடம் எழும்ப வேண்டுமானால் இந்த மச்சானும் மாப்பிள்ளையும் இல்லாமல் முடியாது. ஆனால் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் பழைய ஆலயத்தின் ஆற்றுப்பக்க ஜன்னல். அது மூடாது. அண்ணன் விட்ட இடைவெளி கோணலா, கணவர் செய்த சட்டம் கோணலா என்று தொடங்கிய சண்டை, ஆளுக்கொரு ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருமளவுக்குப் போய், பேச்சு வார்த்தை நின்றது. சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அண்ணன் தங்கை வீட்டுக்குத்தான் வருவார். மாப்பிள்ளைக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா" என்பார். கணவர் உப்பைத் தள்ளிவிட்டு, "போதுமான்னு கேளு" என்பார்.

இருவருக்கும் நடுவே தையலம்மா தபால்காரி. அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. துணியை வெட்டினால் ஓரத்தை மடித்துத் தைப்பதுபோல, வந்த வார்த்தையையும் ஓரம் மடித்துத்தான் கொடுப்பாள். "அந்த மரமண்டைகிட்ட சொல்லு" என்று அண்ணன் ஆரம்பித்தால், கணவர் காதுக்கு அது "அண்ணன் உங்களைக் கேட்டாரு" என்று போய்ச்சேரும். சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று வேதம் சொல்கிறது. சமாதானத்துக்காகக் கொஞ்சம் பூச்சு வேலை செய்யலாமா என்பதைப் பற்றி அவள் தேடிப் பார்த்ததில்லை.

வெள்ளம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவில் வந்தது. போதகர் "கடைசியாக ஒரு வார்த்தை" என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். அவர் அப்படிச் சொன்னால் அனுபவசாலிகள் உட்காரும் பக்கத்தை மாற்றிக்கொள்வார்கள். இன்னும் பாதிப் பிரசங்கம் இருக்கிறது என்று அர்த்தம். கணுக்கால் நனைந்தபோதுகூட யாரும் எழவில்லை. யாரோ குழாயை மூட மறந்துவிட்டதாகக் கமிட்டித் தலைவரான மளிகைக்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். பெஞ்சுகள் மிதக்க ஆரம்பித்த பிறகுதான் போதகர் ஆமென் சொன்னார்.

கதவைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் வெளியிலிருந்து அழுத்தியது. அப்போது எல்லாருடைய கண்ணும் அந்த மூடாத ஜன்னலுக்குப் போனது. கோணலாக இருந்ததால் கம்பிகூடப் போட முடியாத ஜன்னல். வெளியே, துறையில் அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகுக்காரர், சபைக்குச் சம்பந்தமே இல்லாதவர், படகை ஜன்னலோடு அணைத்து நிறுத்தியிருந்தார்.

"ஒவ்வொருத்தரா வாங்க. குழந்தைங்க முதல்ல. கடைக்காரரே, குடை அப்புறம்!"

இரண்டாவது நடையில், தண்ணீருக்குள் மறைந்திருந்த வாசல் கேட்டின் ஈட்டிக் கம்பி படகின் பலகையைப் பிளந்தது. படகுக்காரர் போட்டிருந்த சட்டையைக் கழற்றிப் பிளவில் திணித்தார். பாதம் சட்டையின் மேல், கை துடுப்பின் மேல். வெற்று உடம்போடு மழையில் நடுங்கிக்கொண்டே கடைசி ஆள் வரைக்கும் ஏற்றி இறக்கினார். சாயங்காலத்துக்குள் பழைய சுவர்கள் ஊறிச் சரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. ஆர்மோனியம் மட்டும் பாடிக்கொண்டே ஆற்றோடு போனதாகப் பாடகர் குழுவில் இன்றும் சாதிக்கிறார்கள்.

கரையில் தையலம்மா படகுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, உங்க படகை நாங்க சரி பண்ணித் தர்றோம். ஆறு அடங்கி நீங்க தொழிலுக்குப் போறதுக்குள்ள படகு துறையில நிக்கும். இது என் வார்த்தை."

"சரிம்மா" என்றார் அவர். "அது இல்லேன்னா எனக்குக் கை இல்லாத மாதிரி. அதான்."

*

நிவாரணப் பெட்டிகள் வந்தன. யார் யாரோ நல்ல மனதோடு அனுப்பிய துணிகள். நல்ல மனதுக்கு அளவு தெரியாது. கொத்தனாருக்கு பாண்டு வாத்தியக்காரரின் சிவப்புக் கோட்டு கிடைத்தது, தங்கநிறப் பொத்தானோடு. அதைப் போட்டுக்கொண்டுதான் சிமெண்ட் குழைத்தார். போதகருக்குக் கால்பந்தாட்டச் சட்டை. முதுகில் ஒன்பது என்று இருந்தது. படகுக்காரருக்கு ஒரு பள்ளிப் பையனின் பூப்போட்ட சட்டை. பொத்தான் போட்டால் கையைத் தூக்க முடியாது. கையைத் தூக்கினால் பொத்தான் தெறிக்கும். அவர் குறை சொல்லவில்லை. நிமிர்ந்து மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டார்.

புதிய ஆலயத்துக்கு முதலில் இரும்புத் தூண் நட்டுக் கூரை போட்டார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்ததால் அந்தக் கூரையின் அடியில்தான் உலர்ந்த இடம். தச்சர் படகை அங்கே கொண்டுபோய், பீடம் வரப்போகும் இடத்துக்கு முன்னால் இரண்டு முட்டுக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தார். பிளவில் இருந்த படகுக்காரரின் சட்டைக் கந்தலைப் பிடுங்கி எறியப் போனபோது தையலம்மா வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு? தார் ஒட்டின கந்தல்."

"இருக்கட்டும்."

தச்சர் நல்ல மரம் தேடி, இழைத்து, படகுக்கு உயிர் கொடுத்தார். கொத்தனார் அதே கூரையின் கீழ் தூணுக்குத் தூண் சுவர் எழுப்பினார். இரண்டு பேரும் தத்தம் வேலையில் புலி. ஒருவர் வேலையை மற்றவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதுதான் சங்கதி. கொத்தனார் தினமும் மதியம் தன் சாப்பாட்டுத் தூக்கைப் படகின் விளிம்பில்தான் வைப்பார். ஆனாலும் அது படகு என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை.

"உன் புருஷன்கிட்ட சொல்லும்மா. அந்தத் தொட்டியை இந்த வாரம் எடுக்கலேன்னா அப்படியே வச்சுச் சுவரை எழுப்பிடுவேன். அப்புறம் குத்துதே குடையுதேன்னு சொல்லக்கூடாது."

தையலம்மா படகின் மறுபக்கத்துக்கு நடந்து போனாள். தச்சர் இழைப்புளியை நிறுத்தினார்.

"என்னவாம் உன் அண்ணனுக்கு?"

"அவசரப்பட வேண்டாம், நிதானமாச் செய்யுங்கன்னு சொல்றாரு. உங்க உளி வேலையைப் பார்த்து அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

தச்சர் இழைப்புளியில் அடைத்திருந்த சுருளை ஊதித் தள்ளினார். பிறகு இன்னும் மெல்லிய இழைப்பாக இழைக்க ஆரம்பித்தார். "சொல்லு, எப்படியும் அவர் ஒரு வழி விட்டுத்தானே கட்டுவாரு. அந்தச் சுண்ணாம்புச் சட்டிக்கு அவ்வளவாவது மூளை இருக்கும்."

அவள் திரும்பி நடந்தாள். "அண்ணா, எல்லாம் உங்க கணக்குப்படியே நடக்கட்டும்னு சொல்றாரு. உங்களை நம்பறாராம்."

"நம்பறாரா?" சிவப்புக் கோட்டின் பொத்தான்கள் விம்மின. "அப்ப சரி." அவர் அடுத்த வரிசைக் கல்லை வைத்தார்.

இப்படியே சுவர் எழுந்தது. ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி பதித்தாயிற்று. வாசலுக்கு வெளியே நேரெதிரே மணிக்கூண்டின் சின்ன அறை, வெள்ளம் வந்தால் தடுக்க என்று தடித்த சுவரோடு. பூச்சு முடிந்து வெள்ளையும் அடித்துவிட்டார்கள். ஞாயிறன்று பேராயர் வந்து பிரதிஷ்டை செய்ய வேண்டும். தார் பூசிய படகு நடுவில் பளபளவென்று நின்றது. அதைச் சுற்றி எல்லாரும் பெருக்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வாசலுக்குத் திரை தைக்கத் தையலம்மா அளவெடுக்க வந்தாள். வாசலின் அகலத்தை நாடாவால் பிடித்தாள். நாடாவைச் சுருட்டிக்கொண்டே திரும்பினாள். படகு அவளைப் பார்த்தது. முன்பல் இல்லாத ஒரு வாய் எங்கிருந்தோ கேட்டது: அறிவில்லாதவங்க கட்டியிருந்தா?

அவள் படகின் வயிற்றை அளந்தாள். வாசலை அளந்தாள். மறுபடி படகை அளந்தாள். ஒரு சாண் அதிகம். வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். வெள்ளத்துக்கு அது சரி. வாசலுக்குச் சரிப்படாது.

அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த நேரம், வாசலில் பூப்போட்ட சட்டை தெரிந்தது.

"தையலம்மா, ஆறு அடங்கிடுச்சு" என்றார் படகுக்காரர். "நாளையிலேருந்து ஆள் ஏத்தலாம். அக்கரைக்குப் போறவங்க எல்லாம் கேக்கறாங்க. படகை எடுத்துக்கட்டுமா?"

அவள் நாடாவை நீட்டினாள். அவர் வாசலைப் பார்த்தார். படகைப் பார்த்தார். கம்பி போட்ட ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, அடங்கியது.

"பரவாயில்லம்மா. ஆண்டவன் வீட்டுலதானே இருக்கு. திருட்டுப் போகாது" என்று சொல்லிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

*

சபை திரண்டது. சாய்த்து எடுத்தால் வந்துவிடும் என்றார் கடைக்காரர். ஒருக்களித்துச் சாய்த்தார்கள். படகின் மூக்கு வாசலைத் தாண்டி மணிக்கூண்டுச் சுவரில் முட்டி நின்றது. திருப்பவும் இடமில்லை. வெளியே இருந்தவர்களால் உள்ளே வர முடியவில்லை, உள்ளே இருந்தவர்களால் வெளியே போக முடியவில்லை. கடைக்காரர் இரண்டுக்கும் நடுவே, படகுக்கும் நிலைச்சட்டத்துக்கும் இடையில், சட்னிக்கு நசுக்கிய தேங்காய் மாதிரி இருந்தார்.

உள்ளே மாட்டியிருந்த போதகர் சுற்றிலும் பார்த்தார். "சரி, காத்திருக்கிற நேரத்துல, கடைசியாக ஒரு வார்த்தை..."

எங்கிருந்துதான் அந்த பலம் வந்ததோ! ஒரே தள்ளில் படகு பழைய இடத்துக்குப் போய்விட்டது.

கமிட்டி அங்கேயே கூடியது. யோசனைகள் பிறந்தன. படகைப் பாடகர் குழுவுக்கு மேடையாக்கலாம். தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானத் தொட்டியாக்கலாம். அடுத்த வெள்ளம் வரும்வரை காத்திருந்தால் தானாக மிதக்கும் என்றார் ஒருவர். எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்டதற்கு, அது அடுத்த கமிட்டியின் பொறுப்பு என்றார்.

"எதுவானாலும் பேராயர் வந்துட்டுப் போகட்டும்" என்று கடைக்காரர் விலாவைத் தடவிக்கொண்டே முடித்தார். "அதுவரைக்கும் ஒரு துணியைப் போர்த்திடலாம். அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்தக் கமிட்டியின் 'அப்புறம்' எந்தக் காலண்டரிலும் இல்லாத நாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அதுவரைக்கும் அவர் எதை வச்சுப் பொழைப்பாரு?" என்று கேட்டாள் தையலம்மா. பதில் இல்லாத கேள்விகளுக்கு அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு பாட்டைப் பாடிக் கலைந்துபோவார்கள். கலைந்துபோனார்கள்.

போதகரும், தச்சரும், கொத்தனாரும், அவளும் மிஞ்சினார்கள்.

"உன் புருஷன்கிட்ட சொல்லு" என்று கொத்தனார் ஆரம்பித்தார்.

"சொல்ல மாட்டேன்."

"உன் அண்ணன்கிட்ட கேளு" என்றார் தச்சர்.

"கேக்க மாட்டேன். இத்தனை நாளும் நீங்க சொன்னதை நான் சொன்னதே இல்லை. அவர் தொட்டியை எடுன்னு சத்தம் போட்டாரு, நான் நிதானமாச் செய்யுங்கன்னேன். இவர் சுண்ணாம்புச் சட்டின்னாரு, நான் உங்களை நம்பறாருன்னேன். நான் பூசின பூச்சுலதான் இந்தப் படகு மாட்டிக்கிச்சு. படகுக்காரருக்கு வாக்குக் குடுத்தவ நான். இனிமே நீங்க ரெண்டு பேரும் பேசலேன்னா, இந்தக் கூரைக்குக் கீழ நானும் பேச மாட்டேன்."

நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துத்தான் எத்தனை காலம்! இருவருக்கும் நரைத்திருந்தது. இருவருக்குமே அது புதுச் செய்தி.

"அப்ப..." கொத்தனார் தொண்டையைச் செருமினார். "உங்களுக்கு என்மேல நம்பிக்கைன்னு சொன்னது?"

"என் உளி வேலையைப் பார்த்துக் கண்ணு கலங்கினீங்கன்னாளே மச்சான்?"

"சிமெண்ட் தூசி பட்டிருக்கும்" என்றார் கொத்தனார். பிறகு படகைச் சுற்றி நடந்தார். முதல் முறையாக அதை ஒரு படகாகப் பார்த்தார். புதுப் பலகை சேர்ந்த இடத்தை விரலால் தேடினார்; கிடைக்கவில்லை. மறுபடி தேடினார். "கலங்கியிருந்தாலும் தப்பில்லை மாப்பிள்ளை."

தச்சர் குனிந்து பையிலிருந்து ரம்பத்தை எடுத்தார். "நடுவுல அறுத்து, வெளிய கொண்டுபோய்ச் சேர்த்துடறேன். உங்க சுவர் புதுசு. பேராயர் வர்ற நேரம்."

"அறுத்தா கையை ஒடச்சிருவேன்" என்றார் கொத்தனார். அதற்குள் அவர் கையில் கடப்பாரை வந்திருந்தது. "சுவர் என்ன சுவர். இன்னிக்கு இடிச்சா நாளைக்கு எழுப்பலாம்."

"வேண்டாம் மச்சான், சொன்னாக் கேளுங்க. மூலை மட்டம் அவ்வளவு சுத்தமா வந்திருக்கு."

"அதை நீங்க கவனிச்சீங்களா?"

"தினமும்தான் கவனிச்சேன்!"

"கவனிச்சும் ஒரு வார்த்தை சொல்லலையே! அதுக்காகவே இடிப்பேன்."

"நீங்க இடிச்சா நான் அறுப்பேன்!"

பேச்சு நின்றபோதுகூட இத்தனை சத்தம் இல்லை. தையலம்மா மூடிய வாயோடு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் எண் சட்டை போட்ட போதகர், இரண்டு பேரும் பார்க்காதபோது, கீழே கிடந்த சம்மட்டியை எடுத்து ஆற்றுப்பக்கச் சுவரில் ஓங்கி ஒன்று வைத்தார். வெள்ளையடித்த பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"கடைசியாக ஒரு வார்த்தை" என்றார். "இடிங்க."

அவர் வாழ்நாளில் செய்த மிகச் சிறிய பிரசங்கம் அதுதான். அதற்குக் கிடைத்த கீழ்ப்படிதலும் வேறெதற்கும் கிடைத்ததில்லை.

*

மறுநாள் படகு துறைக்குப் போயிற்று. ஆற்றுப்பக்கம் சுவரில் வாய் பிளந்த இடத்தில், இனி எது வந்தாலும் வெளியே போகட்டும் என்று ஓர் அகலக் கதவு வைப்பதென்று மச்சானும் மாப்பிள்ளையும் முடிவு செய்தார்கள். கலந்து பேசியே செய்தார்கள். மணிக்கணக்கில் பேசினார்கள். அளவைப் பற்றி மட்டும் பேச மறந்துவிட்டார்கள். கதவு மூடவில்லை.

"என் இடைவெளிதான் கோணல்" என்றார் கொத்தனார்.

"இல்ல மச்சான், என் சட்டம்தான்."

"பழைய ஜன்னல் கோணலும் என்னுதுதான். அதனாலதான் எல்லாரும் உயிரோட இருக்காங்க."

"அதெப்படி? அந்தக் கோணல் என்னுது! இத்தனை வருஷம் நீங்கதானே என் சட்டம் கோணல்னு சொன்னீங்க?"

தையலம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிரதிஷ்டை நாளில் பேராயர் அக்கரையிலிருந்து அதே படகில் வந்து இறங்கினார். மூடாத கதவின் வழியே தெரிந்த ஆற்றைப் பார்த்து நெடுநேரம் நின்றார். "வெள்ளம் வந்த திசைக்கே கதவைத் திறந்து வச்சிருக்கீங்களே! எவ்வளவு பெரிய விசுவாசம்!"

"எல்லாம் கமிட்டியில தீர்மானம் போட்டதுதான் ஐயா" என்றார் கடைக்காரர், விலாவைத் தடவிக்கொண்டே.

வெளியே காத்திருக்கப் போன படகுக்காரரைப் பேராயரே கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தார். பூப்போட்ட சட்டையில் அவர் நிமிர்ந்து, மூச்சடக்கி, கைகளைத் தூக்காமல் அமர்ந்திருந்தார். பாட்டுக்கு எல்லாரும் கை தட்டியபோது அவர் மட்டும் தட்டவில்லை. தட்டினால் இரண்டு பொத்தானாவது பாடகர் குழுவின் மேல் பாய்ந்திருக்கும்.

எல்லாரும் எழுந்து நின்று அடுத்த பாட்டைத் தொடங்கிய நேரம், தையலம்மா ஆற்றுப்பக்கக் கதவின் கோணலான இடுக்கு வழியாக நழுவினாள். அது மூடுகிற கதவாக இருந்திருந்தால் கிறீச்சிட்டிருக்கும்.

துறையில் ஆள் இல்லை. படகு கயிற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தனக்கு ரவிக்கைக்கென்று எடுத்துவைத்திருந்த நீலத்துணி போதாமல், கணவருக்கு வைத்திருந்ததையும் சேர்த்துத் தைத்த சட்டை. அளவெடுக்க அவள் யாரையும் கேட்கவில்லை. தார் ஒட்டிய அந்தக் கந்தல் சட்டையை அலசி, தையல் பிரித்து, ஒவ்வொரு துண்டாகப் பலகையில் விரித்து நீலத்துணியை அதன்மேல் வைத்தே வெட்டியிருந்தாள். கைகளைத் தூக்கித் துடுப்பு போட அக்குளில் மட்டும் கொஞ்சம் தாராளம்.

துடுப்பு போடுகிறவன் குனிந்தால் மட்டும் தெரியும் இடத்தில், இருக்கைப் பலகையின் அடியில் அதை வைத்தாள். காற்றுக்குப் பறக்காமல் ஒரு கூழாங்கல்லை மேலே வைத்தாள். புதுப் பலகையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், உலர்ந்திருந்தது.

பிறகு காலில் ஒட்டிய சேற்றை ஆற்றில் கழுவிக்கொண்டு, நிதானமாகவே மேடேறி நடந்தாள். உள்ளே பாட்டு முடிந்து, போதகர் "கடைசியாக ஒரு வார்த்தை" என்று சொல்வது திறந்த கதவின் வழியே கேட்டது. நேரம் நிறைய இருந்தது.